மேயர் மறுபடியும் ஓட்டு கேட்டு வந்தாரா?

டிஸ்கி: கொஞ்சம் நீளமான பதிவு. கட்சிக்காரர்கள் ரெண்டு பக்கமும் கோபப்பட இதில் விஷயம் இருக்கு. பொறுமையா படிச்சிட்டு அப்புறம் திட்டுங்க.

அக்கா பையன் ஏழாங்கிளாஸ் படிக்கிறான். பள்ளிக்கூடத்தில் ஏதோ வினாடி வினாவாம். ஒரு நாள் சாயங்காலம் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மாமா, சென்னைக்கு ரொம்ப வருஷம் மேயரா இருந்தவர் யாரு?"

நமக்குத்தான் சென்னை சரித்திரம் கரதலப்பாடம் ஆச்சே என்ற மிதப்பில் வாயைத் திறந்தேன். பதில் வரவில்லை. ஒரு நிமிஷம் யோசித்தேன், அப்பவும் வரவில்லை. "நாளைக்குச் சொல்றேன்டா" என்று அனுப்பிவிட்டேன். அன்று ராத்திரி உட்கார்ந்து யோசித்ததில்தான் ஒரு விஷயம் உறைத்தது. 1688ல் தொடங்கிய மாநகராட்சி இது. மூன்று நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது. இத்தனை காலத்தில் பதவியில் இருக்கிற, அல்லது பதவிக்காலத்தை அப்போதுதான் முடித்த ஒரு மேயர், "நான் செஞ்சது பிடிச்சிருந்தா எனக்கே மறுபடி போடுங்க" என்று ஊர் ஜனங்கள் முன்னால் நேரடியாக வந்து நின்றது எத்தனை தடவை தெரியுமா? ரெண்டே ரெண்டு தடவை. 2001ல் ஒரு முறை, 2011ல் ஒரு முறை. முதலில் நின்றவர் ஜெயித்தார், அடுத்து நின்றவர் தோற்றார். அவ்வளவுதான் கணக்கு.

சரி, முதலில் இருந்து வருவோம்.

1687 டிசம்பரில் இங்கிலாந்து ராஜா இரண்டாம் ஜேம்ஸ் காலத்தில் சாசனம். அடுத்த வருஷம் செப்டம்பர் 29ஆம் தேதி மதராஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. கோட்டையில் அப்போது கவர்னர் எலிஹு யேல் (அமெரிக்காவில் யேல் யுனிவர்சிட்டி இருக்கே, அதே யேல்தான்). முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்சன். 12 ஆல்டர்மேன்கள். அதில் இங்கிலீஷ்காரர்களோடு போர்த்துக்கீசியர், யூதர், உள்ளூர் இந்து வியாபாரிகள் என்று எல்லாரும் உண்டு. சின்ன வெங்கடாத்ரி, ஆலங்காத்தா பிள்ளை என்றெல்லாம் பெயர்கள் வருகின்றன. மேயர் மட்டும் வெள்ளைக்காரர்தான், அதுவும் வருஷத்துக்கு ஒருத்தர். ஜனங்கள் ஓட்டு என்ற பேச்சே கிடையாது. ஊரில் வரி போட்டால் எதிர்ப்பு வருகிறது, உள்ளூர்ப் பெரிய மனுஷர்களையும் உட்கார வைத்தால் சத்தம் குறையும் என்பதுதான் கம்பெனியின் கணக்கு.

இதில் எங்க ஊர்க் கதை ஒன்று உண்டு. 1708ல் நவாப் தாவூத் கான் கம்பெனிக்கு ஐந்து கிராமங்களைக் கொடுத்தார். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு. ஒரே நாளில் பட்டணத்தோடு ஒட்டிக்கொண்ட ஐந்து ஊர். நுங்கம்பாக்கம் என்ன ஆச்சு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வியாசர்பாடியும் ஊருக்குள் போனது. திருவொற்றியூர், எண்ணூர் இருக்கிற கத்திவாக்கம், சாத்தங்காடு மூன்றும் மாநகராட்சி எல்லைக்கு வெளியிலேயே நின்றன. உள்ளே வந்தது 2011ல். கணக்குப் போட்டுப் பாருங்க, 303 வருஷம். வாசல்படியிலேயே நிற்க வைத்த விருந்தாளி மாதிரி.

இப்போ அக்கா பையன் கேள்விக்கு வருவோம். மேயர் என்ற பெயர் இல்லாவிட்டாலும், ரொம்ப நாள் கார்ப்பரேஷனோடு கிடந்த மனுஷர் ஒருத்தர் உண்டு. அவரும் நம்ம ஏரியாக்காரர்தான். சர் பிட்டி தியாகராய செட்டியார். வண்ணாரப்பேட்டைக்காரர். நெசவும் வியாபாரமும் செய்த குடும்பம். 1882ல் கார்ப்பரேஷனுக்குள் போனவர், ஏறத்தாழ நாற்பது வருஷம் அங்கேயே இருந்தார். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு கூட்டத்துக்குத்தான் வரவில்லை என்று சொல்வார்கள். இந்தக் கால கவுன்சிலர்கள் இதைப் படிக்காமல் இருப்பது அவர்கள் உடம்புக்கு நல்லது :-)

1919ல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி தேர்ந்தெடுக்கப்பட்ட, அரசாங்க அதிகாரி அல்லாத முதல் தலைவர் ஆனார் தியாகராயர். அப்போது பதவிக்குப் பெயர் மேயர் இல்லை, பிரசிடென்ட். 1920ல் நீதிக்கட்சி மாகாணத் தேர்தலில் ஜெயித்ததும் முதல் மந்திரி பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு கார்ப்பரேஷனிலேயே இருந்தார். அதே 1920ல்தான் ஆயிரம் விளக்கில் ஒரு கார்ப்பரேஷன் பள்ளிக்கூடத்தில் மதியச் சாப்பாடு போடத் தீர்மானம் போட்டார்கள். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது என்று கண்டிஷன். காமராஜர், எம்ஜியார் எல்லாம் அப்புறம். விதை போட்டது அங்கே.

யோசித்துப் பாருங்க. இவருக்கு இது ஏணி இல்லை. மேலே ஒரு படி இருந்தும் ஏறாமல், தெருவிளக்கு, சாக்கடை, பள்ளிக்கூடம் என்று நாற்பது வருஷம் ஒரே வேலையைப் பார்த்தவர். அவர் பெயரை வைத்த தி.நகர் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. அவர் வாழ்ந்தது வடக்கே. அது தனிக் கூத்து, கடைசியில் வருகிறேன்.

1933ல் பிரசிடென்ட் போய் மறுபடியும் மேயர் என்ற பெயர் வந்தது. முதல் மேயர் குமாரராஜா எம்.ஏ. முத்தையா செட்டியார். அதிலிருந்து நாற்பது வருஷம் ஒரே முறைதான். கவுன்சிலர்கள் கூடி ஒருத்தரைத் தேர்ந்தெடுப்பார்கள். அவருக்கு ஒரு வருஷம். அடுத்த வருஷம் வேறொருத்தர். சமூகவாரியாக முறை வைத்துக் கொடுக்கிற வழக்கமும் இருந்தது. அதனால் நல்லதும் நடந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். 1937லேயே ஜெ. சிவசண்முகம் பிள்ளை மேயர் ஆனார், தாழ்த்தப்பட்ட சமூகத்திலிருந்து வந்த முதல் மேயர். 1956ல் தாரா செரியன், முதல் பெண் மேயர். நேரடித் தேர்தலும் பணபலமும் இருந்திருந்தால் அந்தக் காலத்தில் இவர்கள் வந்திருப்பார்களா என்பது சந்தேகம்தான்.

ஆனால் ஒரு வருஷத்தில் ஒரு மனுஷர் என்ன செய்துவிட முடியும்? பதவியேற்பு, மாலை, பாராட்டுக் கூட்டம், வெளிநாட்டு விருந்தாளிக்கு வரவேற்பு, தீபாவளி, பொங்கல், முடிந்தது வருஷம். எங்க அப்பா சொல்வார், "காலண்டர் மாத்துற மாதிரி மேயரை மாத்துவாங்கடா. போன வருஷத்து மேயர் பேரு எவனுக்கும் ஞாபகம் இருக்காது."

விதிவிலக்கு என்று சொன்னால் சத்தியமூர்த்தி. 1939-40ல் மேயர். அந்த ஒரே வருஷத்துக்குள் தண்ணிப் பிரச்னையைக் கையில் எடுத்து, வெள்ளைக்கார சர்க்காரோடு மல்லுக்கட்டி, பூண்டி நீர்த்தேக்கத்துக்கு அஸ்திவாரம் போட வைத்தார். வேலை முடிந்தது 1944ல். அதைப் பார்க்க அவர் இல்லை, 1943லேயே போய்விட்டார். புழல் ஏரிக்குத் தண்ணி வந்து சேர்கிற வழியில் அவர் பெயரில் பூண்டி இருக்கிறது. ஒரு வருஷ மேயரால் இவ்வளவு முடியும் என்றால் அது அந்த மனுஷரின் பெருமை, முறையின் பெருமை இல்லை.

இதே சமயம் அமெரிக்காவில் சிகாகோவில் ரிச்சர்ட் டேலி என்று ஒரு மேயர். 1955ல் வந்தவர் 1976ல் பதவியில் இருக்கும்போதே செத்துப்போனார். இருபத்தொரு வருஷம், ஆறு தேர்தல். ஊரையே தன் சட்டைப் பையில் வைத்திருந்தார் என்று அவரைத் திட்டுகிறவர்களும் உண்டு, ஊரைக் கட்டியவர் என்று கும்பிடுகிறவர்களும் உண்டு. ரெண்டுக்கும் ஒரு முகம் இருந்தது இல்லையா? அதே இருபத்தொரு வருஷத்தில் நம்ம ஊரில் வருஷத்துக்கு ஒரு மேயர் வந்து போய், கடைசி மூன்று வருஷம் மேயரே இல்லை.

ஏன் இல்லை? அது மஸ்டர் ரோல் ஊழல். 1959ல் 100 வார்டில் 45 ஜெயித்து தி.மு.க. முதன்முதலாக கார்ப்பரேஷனைப் பிடித்தது, அ.பொ. அரசு மேயர் ஆனார். அது அந்தக் கட்சிக்குப் பெரிய திருப்பம். அதே கட்சி மாநிலத்திலும் ஆட்சியில் இருந்த 1973ல், இல்லாத தொழிலாளிகள் பெயரில் கூலி எழுதி எடுத்த விவகாரம் வெடித்தது. அந்த வருஷம் டிசம்பரில் முதல்வர் கருணாநிதி மாமன்றத்தைக் கலைத்தார். தற்காலிகம் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அடுத்த தேர்தல் நடந்தது 1996ல்!

இருபத்து மூன்று வருஷம். தி.மு.க. போய், கவர்னர் ஆட்சி போய், எம்ஜியார் போய், ஜெயலலிதா வந்து, யாருக்குமே மெட்ராஸுக்கு மேயர் தேவைப்படவில்லை. 1986ல் மாநிலம் முழுக்க நகராட்சிகளுக்குத் தேர்தல் நடந்தது. எங்க ஊரில் சேர்மனுக்கு ஓட்டுப் போட்டார்கள். தலைநகரத்துக்கு மட்டும் இல்லை. பட்டணத்துக்காரனுக்கு இல்லாத ஓட்டு பட்டிக்காட்டானுக்கு இருந்தது என்று எங்க பக்கத்துப் பெரிசுகள் அப்போது பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

இந்த இருபத்து மூன்று வருஷத்தில் நடந்த இன்னொரு விஷயத்தை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. வீட்டில் ஆள் இல்லாதபோது சாமான் ஒவ்வொன்றாகக் கைமாறுவது போல, கார்ப்பரேஷனின் வேலைகள் கைமாறின. எந்த நிலத்தில் ஆலை, எந்த நிலத்தில் வீடு என்று தீர்மானிப்பது எழுபதுகளில் மாநில அரசின் கீழ் வந்த எம்.எம்.டி.ஏ.வுக்குப் போனது. தண்ணியும் கழிவுநீரும் 1978ல் மெட்ரோ வாட்டருக்குப் போயின. 1996ல் மேயர் திரும்பி வந்தபோது குப்பை, தெருவிளக்கு, ரோடு, மழைநீர்க் கால்வாய், பூங்கா, பள்ளிக்கூடம், கொசு மருந்து, இதெல்லாம்தான் மிச்சம். அதற்கும் நிர்வாக அதிகாரம் கமிஷனர் கையில். கமிஷனரைப் போடுவதும் மாற்றுவதும் கோட்டை.

வடசென்னைக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா? எங்க பிரச்னையே மணலி ஆலையும், எண்ணூர் சாம்பலும், கொடுங்கையூர்க் குப்பையும்தானே. அதில் குப்பை ஒன்றுதான் மேயர் கணக்கில் வரும். அந்தக் குப்பையும் ஊர் முழுக்கச் சேர்த்து வடக்கே கொண்டுவந்து கொட்டுவது.

1996 அக்டோபர். அரசியல் சாசனத்தின் 74வது திருத்தம் வந்துவிட்டது, தேர்தலைத் தள்ளிப்போட வழியில்லை. 155 வார்டு. முதன்முதலாக மேயரை ஜனங்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஜெயித்தவர் மு.க. ஸ்டாலின். அப்பா முதல்வர், பையன் மேயர், ஆகவே பணத்துக்கும் ஃபைலுக்கும் பஞ்சமில்லை. சிங்காரச் சென்னை, வரிசையாகப் பாலங்கள். வாரிசு அரசியல் என்று எத்தனை திட்டினாலும், "மேயர்" என்றால் யார் என்று ஆட்டோக்காரர் முதல் ஐயர் வரை எல்லாருக்கும் தெரிந்தது அப்போதுதான். அப்பா சொன்ன காலண்டர் கதை மாறியது.

அப்புறம்தான் முதல் பரீட்சை. 2001 மே மாதம் சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. 31 சீட்டுக்குச் சுருங்கியது. ஜூன் 30 விடிகாலை கருணாநிதி கைது, டி.வி.யில் எல்லாரும் பார்த்ததுதான். அடுத்து ஸ்டாலினும் உள்ளே. வழக்கு எதைப் பற்றி? அவர் மேயராகக் கட்டிய பாலங்களைப் பற்றி! (வழக்கு பின்னாளில் கைவிடப்பட்டது.) அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். எதிரே ஆளுங்கட்சி, கூட்டணி பலம், போலீஸ், பணம். தன் மேல் குற்றச்சாட்டாக நிற்கிற பாலங்களையே காட்டி ஓட்டு கேட்க வேண்டிய நிலைமை. ஜெயித்தார்.

எனக்கு அந்த ரிசல்ட்டில் பிடித்தது கட்சி இல்லை. மாநிலம் மே மாதம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தும், அஞ்சே மாதத்தில் மாநகரம் மேயர் என்ற தனி ஆளைத் தனியாக எடை போட்டது. மேயர் அந்தப் பக்கம், துணை மேயர் எதிர் அணியின் கராத்தே தியாகராஜன். ஜனங்கள் மேயருக்கு ஒரு கணக்கு, கவுன்சிலருக்கு ஒரு கணக்கு போட்டிருக்கிறார்கள். நேரடித் தேர்தலால்தான் இது முடிந்தது.

ஆனால் ஜனங்கள் கொடுத்ததை சட்டம் எடுத்தது. ஒரே ஆள் ரெண்டு தேர்தல் பதவியில் இருக்கக்கூடாது என்று 2002ல் ஒரு திருத்தம். ஸ்டாலின் ஆயிரம் விளக்கு எம்.எல்.ஏ.வாகவும் இருந்தார். மேயர் பதவி போனது. கொள்கை என்று பார்த்தால் அந்தச் சட்டம் சரிதான், ஒரு ஆளுக்கு ஒரு வேலை போதும். வந்த நேரமும் குறியும்தான் இடிக்கிறது. மீதி நாளைத் துணை மேயர் ஓட்டினார்.

2006ல் தி.மு.க. திரும்பி வந்ததும் என்ன செய்திருக்க வேண்டும்? நேரடித் தேர்தலில் ரெண்டு தடவை லாபம் பார்த்த கட்சி. அவர்களே அதை எடுத்துவிட்டு, கவுன்சிலர்களே மேயரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று மாற்றினார்கள். அந்தத் தேர்தலில் சென்னையில் நடந்த அடிதடியும், கோர்ட்டுக்குப் போனதும், 2007 பிப்ரவரியில் பல வார்டுகளுக்கு மறுபடி தேர்தல் வைத்ததும் தனிப் பதிவுக்கான சரக்கு. மேயர் ஆனவர் மா. சுப்பிரமணியன். உழைப்பாளி என்று எதிர்க்கட்சிக்காரர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். ஓட்டமும் நடையுமாக இருப்பார், நிஜமாகவே மாரத்தான் ஓடுகிறவர்.

அடுத்து 2011. இதுதான் எங்க ஊர்க் கதையும் கார்ப்பரேஷன் கதையும் கைகோர்த்த வருஷம்.

அந்த வருஷம் சென்னை 174 சதுர கிலோமீட்டரில் இருந்து 426 ஆனது. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம், அம்பத்தூர், ஆலந்தூர் என்று 9 நகராட்சி, 8 பேரூராட்சி, 25 ஊராட்சி, ஆக 42 உள்ளாட்சிகள் ஒரே விழுங்கில் உள்ளே போயின. மொத்தம் 200 வார்டு. பழைய 155ஐ 107ஆகச் சுருக்கி, புதுப் பகுதிகளுக்கு 93 கொடுத்தார்கள். வார்டு நம்பர் வடக்கே எண்ணூரில் இருந்து தொடங்குகிறது. நம்பரிலாவது நாங்கதான் ஃபர்ஸ்ட்!

முதலில் எல்லாருக்கும் சந்தோஷம்தான். "நாமளும் சென்னை ஆயிட்டோம்" என்று மனைக்காரர்கள் விலையை ஏற்றினார்கள். எங்க அப்பா மட்டும் ஒரு கேள்வி கேட்டார். "அப்போ சேர்மன் யாரு?"

சேர்மன் இல்லைப்பா, இனிமே மேயர், ரிப்பன் பில்டிங்கில் இருப்பார் என்றேன்.

"பஸ்ஸு மாறிப் போகணுமே" என்றார்.

சிரித்துவிட்டேன். அப்புறம்தான் அதன் கனம் தெரிந்தது. சேர்மன் என்பவர் கல்யாணத்தில் பக்கத்து இலையில் சாப்பிடுகிறவர், பட்டினத்தார் கோயில் பக்கமோ தேரடியிலோ எதிரே வந்தால் நிறுத்திக் கேட்கலாம். நல்லவரோ கெட்டவரோ, ஊரில் இருந்தார். 1996லும் 2001லும் அவரையும் நேரடியாகத்தான் தேர்ந்தெடுத்தோம். அஞ்சு வருஷம் கழித்து அவரோ அவர் கட்சியோ அதே தெருவுக்கு வந்தே ஆக வேண்டும். ரெண்டு முனிசிபாலிட்டிக்கும் ரெண்டு சேர்மன், ஒவ்வொன்றுக்கும் ஏகப்பட்ட கவுன்சிலர் இருந்த இடத்தில், இப்போது திருவொற்றியூர் மண்டலம் என்ற பெயரில் 14 வார்டு.

2011 அக்டோபரில் எங்க பக்கத்துப் பள்ளிக்கூட வாக்குச்சாவடியில் ரெண்டு ஓட்டு. ஒன்று கவுன்சிலருக்கு, ஒன்று மேயருக்கு. மேயர் தேர்தலை ஜெயலலிதா ஆட்சி மறுபடி நேரடியாக்கியிருந்தது. தி.மு.க. வேட்பாளர், பதவியில் இருந்து வந்த அதே மா. சுப்பிரமணியன். எதிரே அ.தி.மு.க.வின் சைதை துரைசாமி. அதே வருஷம் மே மாதம் கொளத்தூரில் ஸ்டாலினிடம் மூவாயிரத்துக்கும் குறைவான ஓட்டில் தோற்றவர். ஐ.ஏ.எஸ். படிக்கிற பிள்ளைகளுக்கு இலவசப் பயிற்சி மையம் நடத்துகிறவர் என்று அரசியலுக்கு வெளியேயும் பெயர் உண்டு. அஞ்சு லட்சத்துக்கு மேல் வித்தியாசத்தில் சைதையார் ஜெயித்தார். சென்னைக்கு அ.தி.மு.க.வின் முதல் மேயர்.

இங்கே ஒரு நியாயத்தைச் சொல்ல வேண்டும். சுப்பிரமணியனுக்கு அது நேர்மையான பரீட்சை இல்லை. அவர் ஆண்டது 155 வார்டு. மார்க் போட வந்தது 200 வார்டு. எங்க ஊரில் அவர் ஒரு குழாயும் போட்டதில்லை, போட அதிகாரமும் இல்லை. அவரை எதை வைத்து நாங்கள் எடை போடுவது? அப்போது அடித்த மாநில அலையில் போட்டோம், அவ்வளவுதான். சிலபஸ் வேறு, கேள்வித்தாள் வேறு. அதனால் 2001ஐயும் 2011ஐயும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனசில்லை. உண்மையான பரீட்சை 2016ல் நடந்திருக்க வேண்டும். மழை வெள்ளம் ஊரையே முக்கிய 2015க்கு அடுத்த வருஷம். பெரிய சென்னையின் முதல் மேயர், பெரிய சென்னையின் ஜனங்கள் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டிய வருஷம்.

நடந்ததா? 2016 ஜூனில் மறுபடியும் மறைமுகத் தேர்தல் என்று சட்டத்தை மாற்றினார்கள். அக்டோபர் 4ஆம் தேதி ஐகோர்ட் அந்த உள்ளாட்சித் தேர்தலையே ரத்து செய்தது. அந்த மாசமே மேயர், கவுன்சிலர் எல்லாருக்கும் காலம் முடிந்தது. மாமன்றம் காலி. அதன் பிறகு 2018ல் நேரடி என்றார்கள், 2019ல் மறைமுகம் என்று அவசரச் சட்டம் போட்டார்கள். பல்லாங்குழி ஆடுவது போல இந்தக் குழியில் எடுத்து அந்தக் குழியில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். ரெண்டு கட்சியும்தான். ஜெயிக்கிற மாதிரி இருந்தால் நேரடி, சந்தேகம் என்றால் மறைமுகம்.

2017 ஜனவரி 28. காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியது. எர்ணாவூர் பாரதியார் நகர்க் கரையில் கருப்பாகக் குழம்பு மாதிரி ஒதுங்கியது. பக்கெட்டில் அள்ளினார்கள். மீனவர்கள், காலேஜ் பிள்ளைகள், கடலோரக் காவல்படை, தினக்கூலி ஆட்கள். உலகம் முழுக்க டி.வி.யில் அந்த பக்கெட்டைக் காட்டிச் சிரித்தார்கள். மந்திரிகள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள். அன்றைக்கு வார்டு கவுன்சிலர் என்று ஒருத்தர் கிடையாது. மேயர் கிடையாது. அந்தப் பதவிகளே காலி. கடலில் கொட்டிய எண்ணெய்க்கு மேயர் என்ன செய்வார் என்று கேட்கலாம். ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். ஆனால் "ஏன்யா எங்களைத் திரும்பிப் பாக்கல" என்று அஞ்சு வருஷம் கழித்தாவது கேட்பதற்கு ஒரு ஆள் வேண்டாமா?

அப்படி ஒரு ஆளை ராயபுரம்காரர்கள் வைத்திருந்தார்கள். மேயர் இல்லை, எம்.எல்.ஏ. டி. ஜெயக்குமார். 1991, 2001, 2006, 2011, 2016 என்று அஞ்சு தடவை ஜெயித்தவர். நடுவில் 1996ல் மட்டும் தோல்வி. சபாநாயகர், நிதி மந்திரி, மீன்வளத் துறை மந்திரி. பாட்டு, குத்துச்சண்டை, மைக் முன்னால் நக்கல் என்று அவரை விரும்பாதவர்களும் ரசிக்கிற ஆள். 2021ல் தி.மு.க.வின் ஐட்ரீம் மூர்த்தி அவரை 27 ஆயிரம் ஓட்டுக்கு மேல் வித்தியாசத்தில் தோற்கடித்தார். அதற்குக் காரணம் ஆளுக்கு ஆள் வேறு சொல்வார்கள், கூட்டணியில் பி.ஜே.பி. இருந்தது என்று சொல்கிறவர்கள்தான் ஜாஸ்தி. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. முப்பது வருஷம் ஒரு ஆள் திரும்பத் திரும்ப வந்து நின்றார். பிடித்தபோது வைத்துக்கொண்டார்கள். பிடிக்காதபோது, மந்திரி என்றும் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பினார்கள். இந்த உரிமை ராயபுரம் ஜனங்களுக்கு எம்.எல்.ஏ. விஷயத்தில் இருந்தது. மேயர் விஷயத்தில் ஊரில் யாருக்கும் இல்லை.

2022 பிப்ரவரி 19ல் ஒருவழியாகத் தேர்தல். 200ல் தி.மு.க.வுக்கு மட்டும் 153. மேயர் பதவி தாழ்த்தப்பட்ட பெண்களுக்கு ஒதுக்கீடு. மார்ச் 4ஆம் தேதி மாமன்றத்தில் போட்டியே இல்லாமல் மேயர் ஆனார் ஆர். பிரியா. திரு.வி.க. நகர், 74வது வார்டு. வயசு 28. தாரா செரியன், காமாட்சி ஜெயராமனுக்கு அப்புறம் மூன்றாவது பெண் மேயர், முதல் தலித் பெண் மேயர். வடசென்னைப் பொண்ணு ரிப்பன் பில்டிங்கில் அந்த கருப்பு, சிவப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்ததை டி.வி.யில் பார்த்தபோது, கட்சியை விடுங்க, மனசு நிறைந்தது உண்மை. 1937ல் சிவசண்முகம் பிள்ளை மாதிரி, இந்த முறையில்தான் இதுவும் நடந்தது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அதனால்தான் நேரடித் தேர்தலுக்காகக் கொடி பிடிக்க எனக்கே கொஞ்சம் தயக்கம். ஒதுக்கீட்டை வைத்துக்கொண்டே நேரடியாகவும் தேர்ந்தெடுக்கலாம், சட்டத்தில் அதற்குத் தடை ஒன்றுமில்லை என்பது வேறு விஷயம்.

2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய். இந்தத் தடவை கடலில் இருந்து இல்லை, மணலி ஆலைப் பக்கமிருந்து எண்ணூர்க் கழிமுகத்துக்கு. அந்த மாசக் கடைசியில் பெரியகுப்பத்தில் ராத்திரி அம்மோனியா வாடை தாங்காமல் ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இப்போது கவுன்சிலர் இருந்தார்கள், மேயர் இருந்தார். ஆனால் ஆலை, ஆறு, காற்று மூன்றும் அவர்கள் அதிகாரத்தில் இல்லை, அதெல்லாம் மேயர் இல்லாத அந்த இருபத்து மூன்று வருஷத்திலும் அதற்கு முன்னும் எப்போதோ வேறு இடத்துக்குப் போய்விட்டது.

மறுநாள் அக்கா பையனிடம் இவ்வளவையும் சொல்ல முடியுமா? "சர் பிட்டி தியாகராயர்னு எழுதுடா, மேயர்னு பேரு இல்ல, பிரசிடென்ட், ஆனா நாப்பது வருஷம் கார்ப்பரேஷன்ல இருந்தாரு" என்றேன். எழுதிக்கொண்டு போனான். தப்பு என்று போட்டுவிட்டார்களாம். சரியான பதில் என்ன என்று கேட்டால் அதையும் சொல்லவில்லையாம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு விம்கோ நகரில் மெட்ரோ ஏறினேன். 2021ல் வந்த லைன். தேரடி, காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை எல்லாம் தாண்டி ஒரு ஸ்டேஷனில் பெயர்ப்பலகையைக் காட்டினேன். 'சர் தியாகராயா கல்லூரி' என்று எழுதியிருந்தது.

"இவருதான் அவரு" என்றேன்.

"அப்போ தி.நகர் எங்க மாமா இருக்கு?"

"அது இன்னும் ரொம்ப தூரம்டா. ரயில் மாறிப் போகணும்."